கறுப்பு-வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்ய 8 பிட்டா, 16 பிட்டா? வடசென்னை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

பழைய கறுப்பு-வெள்ளைப் படத்தை ஸ்கேன் செய்து கொஞ்சம் வெளிச்சம் கூட்டியதும் வானம் பட்டை பட்டையாக உடைந்து போகிறதா? கன்னத்தில் நிழல் இறங்கும் இடம் திட்டுத் திட்டாகத் தெரிகிறதா? பெரும்பாலும் அதற்குக் காரணம், ஸ்கேன் செய்யும்போது பிட் டெப்த்தை, அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே எத்தனை படிகள் என்பதைத் தீர்மானிக்கும் எண்ணை, குறைவாக வைத்ததுதான். அப்போது விட்டதைப் பிறகு எந்த சாஃப்ட்வேராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் சொந்தக்காரர்கள் வீடுகளில் கிடந்த படங்களை நான் ஸ்கேன் செய்யத் தொடங்கியபோது இதைத் தெளிவாகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. ஒரு கடையில் 16 பிட் டிஃப் (TIFF, தகவலை இழக்காமல் சேமிக்கும் கோப்பு வகை) கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று ஜேபெக்கில் (JPEG, மொபைல் படங்களின் வழக்கமான கோப்பு வகை) எடுத்து, அதையே டிஃப்பாக மாற்றிக் கொடுத்தார்கள். பெயர் மட்டும்தான் மாறியிருந்தது, உள்ளே இருந்தது பழைய 8 பிட்தான். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவசரமாக இருப்பவர்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: 16 பிட் கிரேஸ்கேல் (நிறமில்லாமல் சாம்பல் படிகள் மட்டும்), டிஃப் கோப்பு, ஸ்கேனரின் ஆட்டோ திருத்தங்கள் எல்லாம் ஆஃப். பழுப்பேறிய படம், கறை பட்ட படம், கையால் வண்ணம் தீட்டிய படம் என்றால் 48 பிட் கலர் (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா 16 பிட்). எடிட்டிங் முழுக்க 16 பிட்டிலேயே நடக்கட்டும். பிரிண்டுக்கும் வாட்ஸ்அப்புக்கும் போகும் கடைசிப் பிரதி மட்டும் 8 பிட் ஜேபெக்.

1. ஸ்கேனரைத் தொடுவதற்கு முன் படங்களைப் பிரியுங்கள்

எல்லாப் படத்துக்கும் ஒரே செட்டிங் போட்டால் நேரமும் வீண், ஹார்ட் டிஸ்க் இடமும் வீண். முதலில் எது எந்த வகை என்று பாருங்கள்.

பளிச்சென்று கறுப்பும் வெள்ளையும் நன்றாக நிற்கும் பிரிண்டுகள் ஒரு கட்டு. மங்கியவை, மஞ்சளானவை இன்னொரு கட்டு. நெகட்டிவ்கள் தனி. கடிதம், மெமோ, படத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர்கள் போன்ற எழுத்து வகையறாக்களுக்கு 8 பிட் போதும்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். காசிமேட்டில் படகுக்குப் பின்னால் பரந்து கிடக்கும் கடலும் வானமும், ஸ்டூடியோவில் திரைக்கு முன்னால் எடுத்த முகம், இவற்றில் சாம்பல் நிறம் மெதுவாக, வழுவழுப்பாக மாறிக்கொண்டு போகும். பட்டை விழுந்தால் முதலில் தெரிவது இங்கேதான். கூட்டமும் சுவரும் கயிறுமாக நெருக்கியடித்திருக்கும் பாக்ஸிங் மேடைப் படத்தில் அவ்வளவாகத் தெரியாது. ஃபிலிமின் மணல் மணலான கிரெய்னும் பட்டையை மறைத்துவிடும். ஆகவே வானம், முகம், வெற்றுச் சுவர் அதிகமுள்ள படங்களுக்கு 16 பிட்டை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஃப்ரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்கவே வேண்டாம். நம் கடற்காற்றின் ஈரத்துக்கு இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். உரித்தால் முகத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம், எப்படி என்று மூன்றாவது படியில் சொல்கிறேன்.

2. 8, 16 என்ற எண்களில் என்ன இருக்கிறது

8 பிட் கிரேயில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 256 படிகள். 16 பிட்டில் 65,536. ஒரு படத்தை அப்படியே பார்ப்பதற்கு 256 தாராளம், அதற்கு மேல் கண்ணுக்குப் பிரித்தறிய முடியாது. பிறகு எதற்கு 16 என்றால், படத்தை இழுக்கப் போகிறோம், அதாவது மங்கிய சாம்பல்களைக் கறுப்பு முதல் வெள்ளை வரை விரிக்கப் போகிறோம், அதனால்தான்.

ஒரு மங்கிய படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னி மில்லிலோ பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஸிலோ ஓய்வுபெறும் நாளில் எடுத்த குரூப் போட்டோ என்று வைத்துக்கொள்வோம். கறுப்பு வெளுத்து, வெள்ளை பழுப்பாகி, மொத்தப் படமும் 90-க்கும் 190-க்கும் நடுவில் அடங்கிவிட்டது. 8 பிட்டில் உங்கள் கையில் இருப்பது நூறு படிகள்தான். அதை 0 முதல் 255 வரை இழுத்தால் நடுநடுவே ஆளில்லாத இடங்கள் வரும். ஹிஸ்டோகிராமைத் (எந்தச் சாம்பல் படியில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் வரைபடம்) திறந்தால் சீப்புப் பல் மாதிரி இடைவெளி விட்டு நிற்கும். கண்ணுக்கு அதுவே பட்டையாகத் தெரிகிறது. அதே படத்தை 16 பிட்டில் எடுத்திருந்தால் அதே பகுதியில் 25,000-க்கு மேல் படிகள் இருக்கும். எவ்வளவு இழுத்தாலும் ஓட்டை விழாது. பரோட்டாவுக்கு உருண்டை பிடிப்பது போலத்தான், மாவு குறைவாக இருந்தால் வீசும்போது கிழிந்துவிடும்.

ஆனால் 16 பிட் என்றதும் 65,536 படிகளும் உண்மையான தகவல் என்று நம்பிவிட வேண்டாம். ஸ்கேனரின் உள்ளே எழும் மின் இரைச்சல் கடைசி சில பிட்களை விழுங்கிவிடும். அப்படியும் உருப்படியாக 12 பிட் மிஞ்சினாலே 4,096 படிகள் கிடைக்கும், மேலே சொன்ன மங்கிய படத்துக்கு 1,600 படிகள். அதுவே போதும்.

ஆகவே உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, "இந்தப் படத்தை எவ்வளவு இழுக்கப் போகிறேன்?" என்பதுதான். தொடவே போவதில்லை, நல்ல பிரிண்ட், பார்த்துக்கொள்ள ஒரு பிரதி போதும் என்றால் 8 பிட்டே சரி. மங்கியது, இருட்டாக இருப்பது, நெகட்டிவ் என்றால் 16 பிட்தான். நெகட்டிவை பாசிட்டிவாகத் திருப்புவதே பெரிய இழுவை. அதில் 8 பிட் வைத்தால் இருண்ட முகங்கள் மாவாகிவிடும்.

3. எந்த ஸ்கேனர்

மூடியில் விளக்கு இல்லாத மெல்லிய ஸ்கேனர்கள் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கின்றன. கேனான் லைட் வரிசையில் வருபவை இந்த ரகம்தான், பிரிண்டுக்கு மட்டும் பயன்படும். நெகட்டிவ் எடுக்க மூடிக்குள் விளக்கு வேண்டும். எப்சன் வி600 போன்றவற்றில் அது உண்டு. விலை பல மடங்கு. வீட்டில் நெகட்டிவ் கொஞ்சமாகத்தான் இருக்கிறது என்றால் அதற்காக ஸ்கேனர் வாங்காதீர்கள், கடையில் கொடுத்துவிடுங்கள்.

ரிச்சி தெருவில் பழைய ஸ்கேனர் கிடைத்தால் வாங்கலாம். ஆனால் உங்கள் லேப்டாப்பில் இருக்கும் விண்டோஸுக்கு டிரைவர் (ஸ்கேனரை ஓட்டும் மென்பொருள்) கிடைக்கிறதா என்று மாடல் எண்ணை வைத்துத் தேடிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். கம்பெனி டிரைவரை நிறுத்திவிட்ட பழைய மாடல்கள் பலவற்றை வியூஸ்கேன் என்ற சாஃப்ட்வேர் ஓட்டிவிடும். இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம், காசு கட்டும் வரை படத்தின் மேல் அதன் முத்திரை விழும்.

அட்டைப்பெட்டியில் "48 பிட்" என்று பெரிதாகப் போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். விவரத் தாளில் இன்புட், அவுட்புட் என்று இரண்டு எண்கள் இருக்கும். இன்புட் என்பது ஸ்கேனர் தனக்குள் படிப்பது, அவுட்புட் என்பது உங்கள் கைக்குக் கொடுப்பது. சில சிறிய ஸ்கேனர்கள் கிரேஸ்கேலில் உள்ளே 16 பிட் படித்துவிட்டு வெளியே 8 தான் தரும், ஆனால் கலரில் 48 பிட் தரும். அப்படிப்பட்டதில் கறுப்பு-வெள்ளைப் படத்தையும் 48 பிட் கலரில் எடுத்து, பிறகு கிரேயாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயத்தைக் கடையில் யாரும் சொல்வதில்லை. மெல்லிய ஸ்கேனர்களில் இருக்கும் சென்ஸார் கண்ணாடியை ஒட்டிய பொருளை மட்டும்தான் கூர்மையாகப் படிக்கும். தடி அட்டையில் ஒட்டி, விளிம்பில் பெயர் அச்சடித்த குரூப் போட்டோக்கள் வளைந்திருந்தால் நடுவில் மங்கும். ஃப்ரேம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் படமும் மங்கலாகத்தான் வரும். இவற்றுக்கு லென்ஸ் வைத்த சிசிடி ஸ்கேனர் வேண்டும், வி600 அந்த வகை.

4. செட்டிங்குகள்: இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்

ஸ்கேனர் மெனுவில் "பிளாக் அண்ட் ஒயிட்" என்று இருக்கும். நம் படம் கறுப்பு-வெள்ளைதானே என்று கை அங்கேதான் போகும். அதைத் தொடாதீர்கள். அது 1 பிட், நடுவில் சாம்பலே இல்லாமல் வெறும் கறுப்பும் வெறும் வெள்ளையும்தான். நமக்கு வேண்டியது "கிரேஸ்கேல்". அதிலும் 16 பிட் கிரே பெரும்பாலும் "ப்ரொஃபெஷனல்" அல்லது "அட்வான்ஸ்டு" மோடில்தான் கண்ணில் படும். வீட்டு உபயோக மோடில் ஒளிந்துகொள்ளும்.

கோப்பு வகை டிஃப். ஜேபெக் என்று தேர்ந்தெடுத்த நொடியே நீங்கள் 8 பிட்டுக்கு இறங்கிவிட்டீர்கள், அதில் 16 பிட்டுக்கு இடமே கிடையாது. பிடிஎஃப் வேண்டவே வேண்டாம்.

ஆட்டோ எக்ஸ்போஷர், ஷார்ப்பனிங், தூசி நீக்கல், நிறத் திருத்தம், நான்கையும் அணைத்துவிடுங்கள். முக்கியமாக டிஜிட்டல் ஐஸ் என்று ஒன்று இருக்கும். அகச்சிவப்பு ஒளியை வைத்துத் தூசியைக் கண்டுபிடிக்கும் வித்தை அது. வழக்கமான கறுப்பு-வெள்ளை நெகட்டிவில் படமாக நிற்பது வெள்ளித் துகள். அது அகச்சிவப்பையும் மறிப்பதால், படத்தையே தூசி என்று நினைத்து அழித்து வைக்கும்.

டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி): நான்குக்கு ஆறு அங்குலப் பிரிண்டுக்கு 600, பாஸ்போர்ட் அளவு சின்னப் படத்துக்கு 1200, 35 மிமீ நெகட்டிவுக்கு 2400. பெட்டியில் போட்டிருக்கும் 6400, 9600 எல்லாம் கோப்பைப் பெருக்குமே தவிர விவரத்தைக் கூட்டாது.

உங்களிடம் இருப்பது 8 பிட் மட்டும் தரும் ஸ்கேனர்தான் என்றாலும் ஒரு நல்ல வழி இருக்கிறது. ப்ரிவ்யூ எடுத்ததும், ஸ்கேன் பட்டனைத் தட்டுவதற்கு முன், டிரைவரின் ஹிஸ்டோகிராமில் கறுப்பு முனையையும் வெள்ளை முனையையும் படம் தொடங்கி முடியும் இடத்துக்கு நகர்த்துங்கள். இரு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். நல்ல டிரைவர் தன்னிடம் உள்ளே இருக்கும் 16 பிட் தகவலை இழுத்துவிட்டு, அதன் பிறகே 8 ஆகச் சுருக்கும். இப்படி வந்த 8 பிட் கோப்பு, மங்கலாக எடுத்துவிட்டுப் பிறகு போட்டோஷாப்பில் இழுத்த 8 பிட் கோப்பைவிட எவ்வளவோ மேல்.

ஸ்கேனர் கண்ணாடிக்குள் அடங்காத பெரிய குரூப் போட்டோவை இரண்டு பாதியாக எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். அப்போது இரண்டு பாதிக்கும் ஒரே எண்களைக் கையால் போடுங்கள். ஆட்டோவில் விட்டால் ஒரு பாதி வெளுத்து, ஒரு பாதி கறுத்து, நடுவில் கோடு விழும்.

5. எப்போது 48 பிட் கலர்

மஞ்சள் கறை படிந்த படத்தைக் கலரில் எடுத்துச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சானல்களையும் தனித்தனியாகப் பாருங்கள். மஞ்சள் கறை நீல ஒளியைக் குடித்துவிடும், சிவப்பை விட்டுவிடும். அதனால் நீலச் சானலில் கறை கன்னங்கரேலென்று நிற்கும், சிவப்புச் சானலில் கிட்டத்தட்ட மறைந்தே போகும். சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தள்ளிவிட்டால் பாதி ரிப்பேர் முடிந்தது. நேர்மாறான கேஸும் உண்டு. கறை இல்லை, ஆனால் உருவமே மஞ்சள் பழுப்பாக மங்கிவிட்டது என்றால் நீலச் சானலில்தான் உருவம் அழுத்தமாகக் கிடைக்கும். எது நல்லது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இதில் ஒரு சானலை மட்டும் எடுத்து இழுக்கப் போகிறோம் என்பதால் 24 பிட் கலர் போதாது. ஒரு சானலுக்கு 8 பிட்தான் அதில் வரும், திரும்பவும் பழைய கதைதான்.

6. கடையில் கொடுப்பதாக இருந்தால்

வாயால் சொல்வது போதாது. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்: எத்தனை படம், 16 பிட் கிரேஸ்கேல், 600 டிபிஐ, டிஃப், ஆட்டோ திருத்தம் எதுவும் வேண்டாம், படத்தை வெட்டவும் வேண்டாம். அதே விவரத்தையும் படங்களின் எண்ணிக்கையையும் பில்லில் எழுதி வாங்குங்கள். மூலப்படம் தொலைந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த பில்தான். கொடுப்பதற்கு முன் எல்லாப் படங்களையும் மொபைலில் ஒரு தடவை படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் பேனாவால் எதுவும் எழுதாதீர்கள். எண் போட வேண்டுமென்றால் மெல்லிய பென்சிலால் ஓரமாக.

விலை கேட்கும்போது "டிஃப்புக்குத் தனி ரேட்டா?" என்று சேர்த்துக் கேளுங்கள். பல இடங்களில் சொல்லும் விலை ஜேபெக்குக்கானது. தெருமுனை ஜெராக்ஸ் கடைகளின் பெரிய மெஷின் தாள்களுக்கானது, அதில் 16 பிட்டை எதிர்பார்க்க வேண்டாம்.

மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொடுக்காமல் முதலில் ஒரே ஒரு படத்தைக் கொடுத்துச் சோதியுங்கள். கோப்பு வந்ததும் விண்டோஸில் அதன் ப்ராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ் பகுதியைப் பாருங்கள், பிட் டெப்த் 16 என்று இருக்க வேண்டும். கலர் என்றால் 48. பிறகு கோப்பின் அளவு. நீளப் பிக்ஸலையும் அகலப் பிக்ஸலையும் பெருக்கி, வரும் எண்ணை இரண்டால் பெருக்கினால் சுருக்காத 16 பிட் கிரேயின் பைட் கணக்கு வரும். நான்குக்கு ஆறு படம் 600 டிபிஐயில் சுமார் 17 எம்பி இருக்க வேண்டும். 2 எம்பி இருந்தால் எங்கேயோ இடறியிருக்கிறது.

8 பிட்டை 16 ஆக வேஷம் மாற்றிக் கொடுத்தால் இந்த இரண்டு சோதனையிலும் தப்பிவிடும். அதைப் பிடிக்கவும் வழி உண்டு. கோப்பைத் திறந்து லெவல்ஸில் (கறுப்பு, வெள்ளை முனைகளை நகர்த்தும் கருவி) இரு முனைகளையும் நன்றாக உள்ளே தள்ளிவிட்டு ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். சீப்புப் பல் தெரிந்தால் அது 8 பிட்டில் பிறந்தது. திருப்பிக் கொடுத்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

7. எடிட்டிங்

போட்டோஷாப் இருந்தால் திறந்ததும் தலைப்பில் "கிரே/16" என்று இருக்கிறதா பாருங்கள். கிம்ப் இலவசம், நம் வேலைக்குத் தாராளம். ஆனால் 2018-இல் வந்த 2.10 பதிப்போ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். அதற்கு முந்தைய 2.8 எல்லாவற்றையும் 8 பிட்டாகத்தான் கையாளும். மொபைல் செயலிகளை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்து அதில் வேலை செய்யுங்கள். முதலில் லெவல்ஸ், கர்வ்ஸ் (வெளிச்சத்தை வளைகோட்டால் திருத்தும் கருவி). அப்புறம் தூசி, கீறல். கடைசியாக அளவைக் குறைப்பதும் ஷார்ப்பன் செய்வதும். எல்லாம் முடிந்த பிறகே 8 பிட்.

ஏற்கெனவே 8 பிட்டில் எடுத்துவிட்டீர்கள், மூலப்படமும் இப்போது கையில் இல்லை என்றால், எடிட் செய்வதற்கு முன் அதை 16 பிட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். போன தகவல் வராது. ஆனால் ஒவ்வொரு திருத்தத்திலும் எண்களை முழுமையாக்குவதில் சேரும் பிழை பெருகாமல் இருக்கும். பட்டை தெரிந்தால் முடிவில் மெல்லிய கிரெய்ன் தூவினால் கண்ணுக்கு அடங்கிவிடும்.

போட்டோஷாப்பில் இன்னொரு பொறி இருக்கிறது. கிரே கோப்புகளுக்கு அதில் பெரும்பாலும் டாட் கெய்ன் 20 சதவீதம் என்ற ப்ரொஃபைல்தான் (கோப்பின் எண்களை எவ்வளவு வெளிச்சமாகக் காட்டுவது என்ற விதி) இருக்கும். அது அச்சு வேலைக்கானது. அதை கிரே காமா 2.2 என்று மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மாற்றாவிட்டால் நீங்கள் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த நிழல்கள் வேறு கம்ப்யூட்டரில் வேறு மாதிரி தெரியும்.

பட்டை தெரிகிறது என்றதும் கோப்பைக் குறை சொல்லாதீர்கள். விலை குறைந்த லேப்டாப் திரைகள் பலவற்றில் 6 பிட் பேனல்தான். படத்தை நூறு சதவீத அளவில் வைத்து, ஹிஸ்டோகிராமையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள். ஹிஸ்டோகிராம் ஓட்டையில்லாமல் இருந்தால் பட்டை திரையில்தான் இருக்கிறது.

8. இடமும் நேரமும்

நான்குக்கு ஆறு பிரிண்ட், 600 டிபிஐ: 8 பிட் கிரே சுமார் 8.6 எம்பி, 16 பிட் கிரே 17.3 எம்பி, 48 பிட் கலர் 51.8 எம்பி. ஐந்நூறு படம் என்றால் 16 பிட் கிரேயில் 9 ஜிபிகூட ஆகாது. இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு இதெல்லாம் ஒரு பாரமே இல்லை, இடத்துக்குப் பயந்து 8 பிட்டுக்குப் போகாதீர்கள். டிஃப்பைச் சுருக்க வேண்டுமென்றால் ஜிப் முறையைத் தேர்ந்தெடுங்கள். 16 பிட் கோப்பில் எல்இசட்டபிள்யூ என்ற இன்னொரு சுருக்கு முறையைப் போட்டால் சில சமயம் கோப்பு இன்னும் பெரிதாகிவிடும்.

நேரம்தான் உண்மையான செலவு. துடைத்து, வைத்து, ப்ரிவ்யூ பார்த்து, ஸ்கேன் செய்து, பெயர் போட ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். நூறு படத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல். எடிட்டிங் இதில் சேரவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். ஈரத்தில் பிரிண்ட் சுருளும், பளபளப்பான படம் ஸ்கேனர் கண்ணாடியிலும் ஒட்டும். தை பிறந்த பிறகு தொடங்கினால் நிம்மதி. துடைப்பதற்கு உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷும் காற்று ஊதும் ரப்பர் பல்பும் போதும், தண்ணீர் படக் கூடாது.

இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி வையுங்கள், இரண்டும் ஒரே வீட்டில் வேண்டாம். வெள்ளம் வந்தால் என்ன ஆகும் என்று வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

9. பிரிண்ட் போடும்போது

லேபுக்கு 16 பிட் டிஃப்பைக் கொண்டுபோகாதீர்கள். பெரும்பாலான மெஷின்களுக்கு 8 பிட் எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கும் லேபுகளுக்கும் பொதுவான நிற அமைப்பு) ஜேபெக்தான் வேண்டும், 16 பிட்டைக் கொடுத்தால் அவர்கள் தங்கள் விருப்பத்துக்கு மாற்றுவார்கள். நீங்களே கிரேயை ஆர்ஜிபியாக மாற்றி, 8 பிட் ஆக்கி, ஜேபெக் தரத்தை உச்சத்தில் வைத்துச் சேமித்துக் கொடுங்கள். "கலர் கரெக்ஷன் வேண்டாம்" என்றும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் கறுப்பு-வெள்ளைப் படத்தில் பச்சையோ ஊதாவோ ஏறி வரும். பெரிதாகப் போடுவதற்கு முன் அதே கோப்பில் நான்குக்கு ஆறு ஒன்று போட்டு, கடை டியூப்லைட்டில் பார்க்காமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இருட்டாகத் தெரிந்தால் அந்த ஜேபெக்கைத் திருத்த வேண்டாம். வீட்டுக்குப் போய் 16 பிட் டிஃப்பில் கர்வ்ஸைக் கொஞ்சம் ஏற்றி, அதிலிருந்து புது ஜேபெக் எடுத்துக்கொண்டு வாருங்கள்.